மனக்காயமும் காயமே



விளையாட்டுத் திடலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு நம் பள்ளியில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி தோளைப் பிடித்துக்கொள்வாள். மற்றொருத்தி தண்ணீர் கொண்டுவர ஓடுவாள். அலுவலக அறையிலுள்ள முதலுதவிப் பெட்டி திறக்கப்படும். 'ஏன் விழுந்தாய்?' என்ற விசாரணையெல்லாம் மருந்து போட்ட பிறகுதான். ஆனால், மனத்தில் அடிபட்டு வரும் பிள்ளைக்கு இந்த முறை தலைகீழாகிவிடுகிறது. முதலில் விசாரணை, அடுத்து அறிவுரை. மருந்துக்கு நேரமே இருப்பதில்லை.

இதை மாற்ற எழுந்த பணியைத்தான் கவுன்சலிங் என்கிறார்கள். தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்று அழகாகச் சொல்கிறோம். ஆற்றுப்படை நூல்களைப் பற்றித் தமிழ் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. வழி சொல்கிறவனும் நேற்றுவரை அதே பசியோடு நடந்தவன்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆற்றுப்படுத்துநர் 'இந்த வழியே போ' என்று கைகாட்டுவதில்லை. பேசுகிறவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்ளும்வரை உடன் நடக்கிறார்.

இதன் வரலாற்றில் பெண்கள் பள்ளி எதுவும் மறக்கக் கூடாத நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. 1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிங்கன் நகரில், சாட் வாரா என்னும் இளம் ஆங்கிலிக்கன் குரு தம் வாழ்வின் முதல் அடக்கச் சடங்கை நடத்தினார். அடக்கம் செய்யப்பட்டவள் 14 வயதுச் சிறுமி. அவளுக்கு முதன்முறையாக மாதவிடாய் வந்திருக்கிறது. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெளியே சொல்லக் கூசும் நோய் ஏதோ தன்னைப் பற்றிக்கொண்டது என்று அஞ்சி, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். தாயிடமோ ஆசிரியையிடமோ ஐந்து நிமிடம் பேச முடிந்திருந்தால் நீங்கியிருக்கும் அச்சம் அது!

அந்தக் கல்லறையருகில் நின்ற குருவின் நெஞ்சில் அது முள்ளாய்த் தைத்தது. 18 ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பர் 2-ஆம் நாள் (இறந்த ஆன்மாக்களை நாம் நினைவுகூரும் அதே நாள்!) லண்டனில் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, வாழ்வை வெறுத்தவர்கள் தம்மிடம் பேசலாம் என்று அறிவித்தார். அழைப்புகள் வந்தன, ஆட்களும் நேரில் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் இருந்தார்கள். அங்கேதான் எதிர்பாராதது நடந்தது. தொண்டர்களிடம் பேசி முடித்த பலர், பாரம் இறங்கியவர்களாய், குருவைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள்! படித்தவரின் ஆலோசனையைவிடப் பொறுமையாகக் கேட்கும் காதே பலருக்கு வேண்டியிருந்தது. இதைக் கண்டுகொண்ட சாட் வாரா, 1954 பிப்ரவரியில் கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். பத்திரிகை ஒன்று அவர் பணியைச் சமாரியர் என்னும் சொல்லால் குறித்து எழுத, 'சமாரியர்கள்' என்பதே இயக்கத்தின் பெயராயிற்று. லூக்கா நற்செய்தியின் சமாரியர், காயப்பட்டவனிடம் 'இந்த வழியில் தனியாக ஏன் வந்தாய்?' என்று கேட்டதாக நாம் வாசிப்பதில்லை அல்லவா?

அதே நோக்கோடு நம் சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார்.

பெற்றோருக்காக ஒன்று. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ், பிற்காலத்தில் உலகப் புகழ் பெறுமுன், ராச்செஸ்டர் நகரில் 12 ஆண்டுகள் குழந்தைகளுக்காகப் பணியாற்றினார். அடங்காத சிறுவன் ஒருவனின் தாயிடம், குறை அவர் நடத்தும் விதத்தில்தான் இருக்கிறது என்று வாரக்கணக்கில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பலனில்லை. 'இருவரும் முயன்றோம், முடியவில்லை' என்று கைவிட்டார். வாசல்வரை போன அந்தத் தாய் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே உதவி செய்வதுண்டா என்று கேட்டார். பிறகு அவர் கொட்டித் தீர்த்தது தம் குடும்ப வாழ்வின் துயரத்தை. ராஜர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நாளடைவில் தாயும் தேறினார், மகனும் தேறினான். எங்கே வலிக்கிறது என்பது வலிக்கிறவருக்குத்தான் தெரியும் என்ற பாடத்தை அந்தத் தாயிடமே கற்றதாக ராஜர்ஸ் எழுதியிருக்கிறார்.

மனநலக் குறைகளில் பாதி, 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. அதாவது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில்! ஆனால் பிள்ளைகள் பெரியவர்களைப் போல 'எனக்கு மனம் சரியில்லை' என்று சொல்ல மாட்டார்கள். வயிற்றுவலி என்பார்கள். தலைவலி என்பார்கள். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார்கள். அதை நாம் திமிர் என்போம். தூக்கமும் பசியும் மாறும், தோழியரை விட்டு ஒதுங்குவார்கள், மதிப்பெண் சரியும். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடாதீர்கள். 'நாங்கள் படாத கஷ்டமா?' என்ற கேள்வியும் வேண்டாம். 'கவுன்சலிங் போனால் பைத்தியம் என்று ஊர் சொல்லுமே, நாளைக்குக் கலியாணம் ஆக வேண்டாமா?' என்று என்னிடமே கேட்ட தாய்மார் உண்டு. பல் வலிக்குப் போவதற்கு நாம் ஊரைக் கேட்பதில்லை.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்றால், முழுவதும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், என் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே நாளில் மூன்று முறை ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து சாக்பீஸ் கேட்டாள். மூன்று முறையும் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் முறை, 'தின்கிறாயா அதை?' என்று கேலியும் செய்தேன். மறுநாள், அவளுடைய மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையொப்பத்தை அவளே போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, வகுப்பின் முன் நிறுத்திக் கண்டித்தேன். தாய் ஒரு மாதமாக மருத்துவமனையில் இருந்ததும், விடியற்காலையில் எழுந்து தம்பிகளுக்குச் சமைத்துவிட்டு அவள் பள்ளிக்கு வந்ததும் பிற்பாடு அவள் தோழி சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவள் என்னிடம் வேறெதுவும் கேட்டு வரவில்லை.

வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், 'சும்மா மிரட்டுகிறாள்' என்று எண்ணுவது பெருந்தவறு. 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று அமைதியாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டார்களே என்பதே பலருக்கு ஆறுதல். பிறகு அவளைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவியரே, தோழி உங்களிடம் இப்படிச் சொல்லி, 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கினாலும், அந்தச் சத்தியத்தைக் காக்க வேண்டாம். உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள்.

'சிஸ்டர், பாவசங்கீர்த்தனம் இருக்கும்போது இது எதற்கு?' என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்த பாவத்துக்கு மன்னிப்புப் பெறுகிறோம். சோர்வும் அச்சமும் பாவங்கள் அல்ல. பிறர் நமக்குச் செய்த தீங்கும் நம் பாவமன்று. இரகசியத்திலும் வேறுபாடு உண்டு. குருவானவர் எக்காரணம் கொண்டும் வாய் திறக்கக் கூடாது. ஆற்றுப்படுத்துநரும் இரகசியம் காப்பார். ஆயினும் உங்கள் உயிருக்கு ஆபத்து என்றாலோ, உங்களுக்கு யாராவது பாலியல் தீங்கு செய்திருந்தாலோ, உரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் தீங்கைப் பொறுத்தவரை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமே அப்படிக் கட்டளையிடுகிறது. இதை முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடுவது முறை.

ஜெபம் செய்தால் போதாதா என்பாருக்கு எலியா இறைவாக்கினரை நினைவூட்டுகிறேன். பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, சாக வேண்டுமென்று மன்றாடியவர் அவர். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்க விட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். ஆண்டவர் அவரோடு பேசியது, 40 நாள் நடை கழிந்து ஒரேபு மலையில்தான்.

வெளியில் உதவி தேடுவோருக்கு இரண்டு இலவச எண்கள்: குழந்தைகளுக்கு 1098. இது 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தோன்றியது. பத்து, ஒன்பது, எட்டு என்று சொன்னால் சிறு பிள்ளைக்கும் மறக்காது. எல்லா வயதினருக்கும் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இது. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

நம் பள்ளியில், சிற்றாலயத்தை அடுத்த பழைய தையல் அறை இவ்வாண்டு முதல் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. புதன், வெள்ளி ஆகிய நாள்களில் மதிய உணவு வேளையிலும், மாலை மணி அடித்த பின் ஒரு மணி நேரமும் அங்கே இருப்பேன். பெயர்ப்பதிவேடு கிடையாது. பெற்றோரும் வரலாம். நேராக வர வெட்கமாயிருந்தால், சாக்பீஸ் கேட்டு வந்தாலும் போதும்.