ஃபிடியாஸின் குவளை

அன்புள்ள கயல்,

களிமண் அப்பிய கையோடு நீ அனுப்பிய போட்டோ வந்தது. சிலை கொஞ்சம் கோணல்தான், போகட்டும். பெரிய சிற்பிகளெல்லாம் எப்படித்தான் செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். ஃபிடியாஸைப் பற்றிச் சொல்கிறேன்.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்காரர். பார்த்தினான் கோயிலுக்குள் கி.மு. 438-இல் நிறுவிய அதீனா தேவியின் சிலை அவர் செய்தது. ஒலிம்பியாவில் அரியணையில் அமர்ந்திருந்த ஜீயஸும் அவர் கைவேலைதான். சுமார் 12 மீட்டர் உயரம். இரண்டும் இன்று இல்லை.

இவை கல்லில் செதுக்கியவை என்று நினைத்துவிடாதே. உள்ளே மரச்சட்டம், உடம்புக்குத் தந்தம், ஆடைக்குத் தங்கத் தகடு. தந்தம் பொல்லாத பொருள். ஒலிம்பியா ஈரமான இடம் என்பதால் ஜீயஸின் காலடியில் எண்ணெய் விட்டு வைத்தார்கள்; ஏதென்ஸின் வறண்ட குன்றில் அதீனாவுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. செய்து முடித்ததோடு வேலை தீரவில்லை, பார்த்தாயா?

அதீனாவின் மேல் இருந்த தங்கம் 40 தாலந்து, ஒரு டன்னுக்கும் அதிகம். அதில் கை வைத்துவிட்டார் என்று பழி வந்தது. ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளீஸின் யோசனைப்படி அந்தத் தகடுகளை முதலிலேயே கழற்றி மாட்டும்படி செய்திருந்தார். எடை போட்டுப் பாருங்கள் என்றதும் பழி அடங்கியது. எதிரிகள் விடவில்லை. அதீனாவின் கேடயத்தில் தன் உருவத்தையே செதுக்கிவிட்டார் என்று அடுத்த வழக்கு. அவர் சிறையில் இறந்ததாக எழுதுகிறார் பழங்கால வரலாற்றாசிரியர் புளுடார்க். ஏதென்ஸை விட்டு ஒலிம்பியாவுக்குப் போய்விட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. நான் இவர்கள் பக்கம். காரணம் ஒரு பட்டறை.

1950-களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒலிம்பியாவில், ஜீயஸ் கோயிலுக்கு மேற்கே அதைத் தோண்டினார்கள். கோயில் கருவறை என்ன அளவோ ஏறத்தாழ அதே அளவில் கட்டிய கூடம், பிற்காலத்தில் தேவாலயமாகிவிட்டது. சிலையை இங்கே பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். கூடத்தைச் சுற்றிக் கிடைத்தவை எல்லாம் கழிவுதான்: தந்தத் துணுக்கு, கண்ணாடிச் சில்லு, எலும்புக் கருவிகள், ஆடை மடிப்பு வார்த்த களிமண் அச்சுகள். உடைந்த அச்சைக் கையில் எடுத்தால் துணி விழும் மடிப்பு குழிவாகத் தெரியும்.

அந்தக் குப்பையோடு கைப்பிடி வைத்த சின்னக் கறுப்புக் குவளை ஒன்றும் இருந்தது. கவிழ்த்தால் அடியில் கிறுக்கலாக, 'நான் ஃபிடியாஸுடையது' என்று கிரேக்கத்தில் கீறியிருக்கிறது. பட்டறையில் குவளை காணாமல் போவது அப்போதே உண்டு போல.

அன்புடன்,
மாமா