சம்பளம் தருபவரிடமே குறை சொல்லும் வேலை

கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் பயிற்சியாளருக்குச் சம்பளம் தருவது வாரியம் அல்லது கிளப். டென்னிஸில் பெரும்பாலும் ஆட்டக்காரரே முதலாளி. யாரைத் திருத்த வேண்டுமோ அவரே சம்பளம் தருகிறார். பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே அனுப்பிவிடலாம். அப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டு லேட்டன் ஹெவிட், ஆந்த்ரே அகாஸி, சிமோனா ஹாலெப், யானிக் சின்னர் என நான்கு பேரோடு உலகின் முதலிடத்தைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் டேரன் கேஹில். மேலதிகாரிக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களும், தானே செய்த வேலையை இனி அடுத்தவருக்குச் சொல்லித்தரப் போகிறவர்களும் அவர் பாதையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

1965-ல் பிறந்த அவர் அடிலெய்டில் வளர்ந்தார். 1988 அமெரிக்க ஓபனில் போரிஸ் பெக்கரை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தி அரையிறுதிவரை போனார். ஒற்றையரில் அவர் எட்டிய உயர்ந்த தரவரிசை 22. பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முப்பது வயதை ஒட்டி ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

கேஹில் ஆடியது சர்வ் போட்டதும் வலையை நோக்கி ஓடிவரும் ஆட்டம். அவரோடு முதலிடம் கண்டவர்களைப் பாருங்கள்: நால்வருமே பின்கோட்டில் நின்று ஆடுபவர்கள். சிறுவயதிலிருந்து அவர் பார்த்துவந்த ஹெவிட், வலைக்கு ஓடிவருபவர்களைத் தாண்டிப் பந்தை அனுப்பியே பெயர் வாங்கினார். தன் ஆட்டத்தைப் பிறர்மேல் திணிக்காத இந்தப் பக்குவம் அபூர்வம். நல்ல விற்பனையாளர் குழுத் தலைவரானதும் எல்லோரையும் தன்னைப் போலவே பேசச் சொல்வார். பாதிப்பேர் அதிலேயே சோர்ந்துபோவார்கள். நீங்கள் பொறுப்பேற்கும் முதல் மாதத்தில், ஒவ்வொருவரும் எதை இயல்பாகச் செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். திருத்தம் பிறகு.

2002-ல் அகாஸியிடம் சேர்ந்தபோது சவால் வேறு. ஏழு கிராண்ட்ஸ்லாம் வென்று முப்பதைத் தாண்டியவருக்குப் பந்தடிக்கக் கற்றுத்தர என்ன இருக்கிறது? ஆனாலும் 2003-ல் அகாஸி ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். 33 வயதில் மீண்டும் முதலிடமும் பிடித்தார். தன்னைவிடப் பெரிய சாதனையாளருக்கு வழிகாட்ட நேர்ந்தால் கூச்சப்பட வேண்டியதில்லை. களத்தில் நிற்பவருக்குத் தெரியாதது வெளியே இருப்பவர் கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள்.

நான் அதிகம் மதிப்பது 2017-ல் மயாமியில் அவர் எடுத்த முடிவை. ஜோஹன்னா கோன்டாவுக்கு எதிரான காலிறுதியில் முதல் செட்டை வென்றிருந்த ஹாலெப், ஆட்டம் கைநழுவத் தொடங்கியதும் தன்மீதே கோபப்பட்டு மனதளவில் விட்டுக்கொடுத்துவிட்டார். தோல்வி கேஹிலுக்குப் பெரிதல்ல. அந்த மனப்போக்கைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. வேலையை விட்டு விலகினார். உலகின் முன்னணி வீராங்கனை ஒருவரின் பயிற்சியாளர் வேலை அது!

ஹாலெப் அதிர்ந்துபோனார். தன் மனநிலையை மாற்ற உழைத்தார். சில வாரங்களில் கேஹில் திரும்பினார். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஒரு செட்டை வென்று அடுத்ததில் 3-0 என முன்னிலையில் இருந்தும் ஹாலெப் தோற்றார். அக்டோபரில் முதலிடத்துக்கு வந்தார். 2018-ல் அதே பாரிஸில் ஸ்லோன் ஸ்டீவன்ஸிடம் முதல் செட்டை இழந்தும் போராடி முதல் கிராண்ட்ஸ்லாமை வென்றார்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். கேஹில் விலகியதற்கு மதிப்பு வந்தது, அதற்கு முன் பலமுறை எடுத்துச்சொல்லிப் பொறுமையாக உடனிருந்ததால். தொலைக்காட்சி வர்ணனையாளர் என்ற இன்னொரு வருமானமும் அவருக்கு இருந்தது. அது சின்ன விஷயமல்ல. சில மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்திருப்பவர் மேலதிகாரி முன்னால் கொஞ்சம் நிமிர்ந்தே பேசுவார். குறை சொல்லும்போது ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள். எது மாறினால் நீங்கள் தொடர்வீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

பெயர் கிடைக்காமல் போவதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். ஹெவிட் 2001-ல் ஆண்டிறுதி முதலிடம் பிடித்த கையோடு இருவரும் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டு விம்பிள்டனை ஹெவிட் வென்றபோது பக்கத்தில் வேறொருவர். 2019-ல் ஹாலெப் விம்பிள்டன் வென்றபோதும் கேஹில் குடும்பத்துக்காக ஓய்வில் இருந்தார்.

2022-ல் சின்னரின் குழுவுக்குப் போனபோது சிமோனே வாக்னோஸி அங்கே ஏற்கெனவே பயிற்சியாளர். அவரை ஓரங்கட்டாமல் கூடவே வேலை செய்தார் கேஹில். 2024 ஜூனில் சின்னர் முதலிடம் பிடித்தார். ஏற்கெனவே ஒருவர் இருக்கும் இடத்தில் நீங்கள் சேர்ந்தால், அவரோடு தனியே உட்கார்ந்து எது அவர் பொறுப்பு, எது உங்களுடையது, இருவர் கருத்தும் மோதினால் யார் சொல்வது நிற்கும் என்று முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.