அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? வெப் சர்வர் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதிய இணையதளம் ஒன்றைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. எங்கோ பார்த்த ஒரு வேக ஒப்பீட்டு வரைபடம், பழைய வேலையில் பட்ட பாடு, நண்பர் சொன்ன ஒரு வரி, இவற்றை வைத்து அடித்துச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில்களில் பல ஒரு காலத்தில் சரியாகவே இருந்தவை. அதனால்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு கோரிக்கை உங்கள் தளத்துக்குள் எந்த வழியாகப் போகிறது, எங்கே காத்துக்கிடக்கிறது என்று பார்க்காமல் சர்வரைத் தேர்ந்தெடுப்பது வீண்வேலை என்பது என் உறுதியான கருத்து. அதைக் காட்டத்தான் கீழே உள்ள நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

நம்பிக்கை: அப்பாச்சி பழசு, கூட்டம் வந்தால் படுத்துவிடும்.

இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர், 1994இல் அவர் அங்கிருந்து விலகியதும் கவனிப்பாரின்றி நின்றது. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு திருத்தம் வைத்திருந்தார்கள். அவற்றை ஒன்றுசேர்த்து 1995இல் வெளியிட்டதுதான் அப்பாச்சி. அன்றைய அமைப்பு எளிமையானது: ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ். 1999இல் டான் கேகல், ஒரே கணினி ஒரே சமயத்தில் 10,000 இணைப்புகளை ஏன் தாங்கக்கூடாது என்ற கேள்வியை 'சி10கே' என்ற பெயரில் எழுப்பினார். ரஷ்யாவில் ராம்ப்ளர் நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்த இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று. விரல்விட்டு எண்ணக்கூடிய ப்ராசஸ்கள்தான் ஓடும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புகளை வைத்துக்கொண்டு, வேலை வந்திருக்கும் இணைப்பை மட்டும் தொடும்.

அப்பாச்சி அங்கேயே நின்றுவிடவில்லை. 2012 பிப்ரவரியில் வந்த 2.4 பதிப்பில் 'ஈவென்ட்' முறை சோதனை நிலையைத் தாண்டியது. சும்மா திறந்து கிடக்கும் இணைப்புக்காக ஒரு த்ரெட் முழுதாகக் காத்திருக்கும் நிலை அதோடு போயிற்று. பிறகும் ஏன் இத்தனை அப்பாச்சி சர்வர்கள் திணறுகின்றன? இங்கேதான் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் இருக்கிறது. டெபியனிலோ உபுண்டுவிலோ அப்பாச்சியை நிறுவினால் ஈவென்ட் முறைதான் வரும். அடுத்து பிஎச்பி வேண்டுமே என்று 'ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி' என்று தட்டுவீர்கள். அது அப்பாச்சிக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும் 'மாட் பிஎச்பி'யைக் கொண்டுவரும். மாட் பிஎச்பியால் த்ரெட்களோடு ஒத்துப்போக முடியாது என்பதால் சர்வர் சத்தமில்லாமல் பழைய 'ப்ரீஃபோர்க்' முறைக்கு மாற்றப்படும். யாரும் கேட்டு நடந்த மாற்றம் இல்லை இது. ஒரே கட்டளையில் தளம் 1990களின் வடிவமைப்புக்குத் திரும்பிவிடுகிறது.

அதன் கணக்கைப் பாருங்கள். ப்ரீஃபோர்க்குக்கு டெபியன் தரும் கான்ஃபிக்கில் உச்சவரம்பு 150 ப்ராசஸ். ஒவ்வொன்றும் பிஎச்பியையும் வேர்ட்பிரஸையும் சுமந்துகொண்டு 50 எம்பி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7,500 எம்பி. சர்வரில் இருப்பதோ 2 ஜிபி அல்லது 4 ஜிபி ரேம். வரம்பை எட்டுவதற்கு வெகுமுன்பே கணினி ஸ்வாப்புக்குப் போய்விடும். வெறும் ஒரு லோகோ படத்தை அனுப்பும் ப்ராசஸும் அதே 50 எம்பியோடுதான் நிற்கும். மெதுவான மொபைல் நெட்வொர்க்கில் இருப்பவர் அந்தப் படத்தை முழுதாக வாங்கும்வரை நகராது. 'அப்பாச்சி தாங்கவில்லை' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். பிஎச்பியை எஃப்பிஎம் என்ற தனிச் சேவையாகப் பிரித்து வைத்து, ஈவென்ட் முறைக்கு மாற்றினால் அதே அப்பாச்சி வேறு மாதிரி நடந்துகொள்ளும். இந்த எஃப்பிஎம் 2010 முதல் பிஎச்பியோடு சேர்ந்தே வருகிறது. அப்போதும் ரேம் சிக்கனத்தில் என்ஜின்எக்ஸ் ஒரு படி மேல்தான். அதை மறுப்பதற்கில்லை. சில நூறு பேர் வரும் தளத்தில் அந்த ஒரு படி கண்ணுக்குத் தெரியாது.

நம்பிக்கை: என்ஜின்எக்ஸ் போட்டால் தளம் வேகமாகிவிடும்.

படம், ஸ்டைல் ஃபைல், வீடியோ இவற்றை அள்ளி அனுப்புவதில் அது கெட்டிக்காரன். நெட்ஃபிளிக்ஸ் தன் வீடியோக்களை வழங்கும் கணினிகளில் ஃப்ரீபிஎஸ்டியோடு சேர்த்து அதைத்தான் ஓட்டுகிறது. உங்கள் தளத்தில் ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடி ஆகிறதென்றால், அந்த மூன்று விநாடி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

இதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே பார்க்கலாம். என்ஜின்எக்ஸின் லாக் வடிவத்தில் 'ரெக்வெஸ்ட் டைம்', 'அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்' என்ற இரண்டு மாறிகளைச் சேருங்கள். முதலாவது, கோரிக்கை வந்ததிலிருந்து முடியும்வரை ஆன மொத்த நேரம். இரண்டாவது, பின்னால் இருக்கும் பிஎச்பியோ வேறு செயலியோ எடுத்துக்கொண்ட நேரம். லாக்கில் 2.914 என்றும் 2.911 என்றும் பக்கத்துப் பக்கத்தில் எண்கள் வந்தால், மூன்று விநாடியில் வெப் சர்வரின் பங்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று. மீதி எல்லாம் பிஎச்பியும் டேட்டாபேஸும் தின்றது. அங்கே இன்டெக்ஸ் இல்லாத ஒரு டேபிளோ, ஒவ்வொரு பக்கத்திலும் வெளித்தளத்தைக் கூப்பிடும் ஒரு பிளகினோ உட்கார்ந்திருக்கும். முன்னால் இருக்கும் சர்வரை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் பெரும்பாலும் வாசகரின் இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று பொருள். அது வேறு வைத்தியம்.

இதே காரணத்தால்தான் 502, 504 பிழைகளுக்கு என்ஜின்எக்ஸ் மேல் பழி விழுகிறது. திரையில் அதன் பெயர் தெரிகிறதே தவிர, பதில் சொல்லாமல் போனது பின்னால் இருக்கும் செயலி. வழக்கமான கான்ஃபிக்கில் 60 விநாடி பதிலே வராவிட்டால் 504 போட்டுவிடும். அந்த 60ஐ 300 ஆக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசகர் ஐந்து நிமிடம் காத்திருக்கத் தயாராக இல்லை என்பது அவர்களுக்கு நினைவிருப்பதில்லை.

நம்பிக்கை: அப்பாச்சியிலிருந்து மாறுவது ஒரு மணி நேர வேலை.

அப்பாச்சியில் 'எச்டிஆக்சஸ்' என்று ஒரு சின்ன ஃபைலைக் கோப்புறைக்குள் போட்டாலே விதிகள் நடைமுறைக்கு வந்துவிடும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஆயிரம் பேர் ஒரே சர்வரில் குடியிருக்க, மெயின் கான்ஃபிக்கில் கை வைக்க அனுமதி இல்லாத நிலையில், இது பெரிய வரம். விலையும் உண்டு: அனுமதி இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு கோப்புறை அடுக்கிலும் அந்த ஃபைல் இருக்கிறதா என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் தேடும். மெயின் கான்ஃபிக் உங்கள் கையில் இருந்தால் எச்டிஆக்சஸைத் தவிருங்கள் என்று அப்பாச்சியின் சொந்த ஆவணமே சொல்கிறது.

என்ஜின்எக்ஸ் இந்த ஃபைலைப் படிப்பதே இல்லை. பிழை எதுவும் காட்டாது. பக்க முகவரிகள் வேலை செய்யவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும், அதைச் சரிசெய்துவிடுவார்கள். தெரியாமல் போவது தடை விதிகள். பேக்கப் கோப்புறையை வெளியார் பார்க்கக்கூடாது, அப்லோட்ஸ் கோப்புறையில் பிஎச்பி ஓடக்கூடாது என்று எப்போதோ யாரோ எச்டிஆக்சஸில் எழுதிவைத்த வரிகள் அத்தனையும் அன்றோடு செல்லாமல் போகும். தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பேக்கப் ஃபைல் உலகத்துக்கே திறந்து கிடக்கும். எச்டிஆக்சஸ் ஃபைலையே சாதாரண டெக்ஸ்டாக அனுப்பிவிடும் அபாயமும் உண்டு. டெபியன் தரும் மாதிரி கான்ஃபிக்கில் அதைத் தடுக்கும் வரி கமென்ட்டாகத்தான் இருக்கிறது. ஆகவே மாற்றுவதற்கு முன் தளம் முழுக்க அந்த ஃபைல்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியையும் என்ஜின்எக்ஸ் விதியாக எழுதி, வெளியிலிருந்து முகவரியைத் தட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். ஓபன்லைட்ஸ்பீடு என்ற இன்னொரு வெப் சர்வர் எச்டிஆக்சஸின் ரீரைட் விதிகளைப் புரிந்துகொள்ளும் என்பதால் வேர்ட்பிரஸ்காரர்கள் சிலர் அந்தப் பக்கம் போகிறார்கள். அங்கும் எல்லா விதியும் செல்லாது.

நம்பிக்கை: ஒரு தளத்துக்கு ஒரே வெப் சர்வர்தான், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறக்கும்போது நடப்பதைப் பார்ப்போம். நம் பகுதி வாசகரின் கோரிக்கை வழக்கமாகச் சிங்கப்பூரில் விக்கிமீடியா வைத்திருக்கும் கேஷ் மையத்துக்குப் போகிறது. அங்கே எச்ஏப்ராக்ஸி மறையாக்கத்தை அவிழ்க்கிறது. அடுத்து வார்னிஷ், நினைவகத்தில் அந்தப் பக்கம் தயாராக இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லாவிட்டால் வட்டில் சேமித்து வைத்திருக்கும் அப்பாச்சி டிராஃபிக் சர்வர். அங்கும் இல்லாவிட்டால்தான் கோரிக்கை கடல் கடந்து வர்ஜீனியாவுக்கோ டெக்சஸுக்கோ போகும். அங்கே மீடியாவிக்கி மென்பொருளை பிஎச்பி எஃப்பிஎம் ஓட்ட, அதற்கு முன்னால் நிற்பது, பழசு என்று ஒதுக்கப்படும் அதே அப்பாச்சி வெப் சர்வர். லாகின் செய்தவர்களுக்கோ எப்போதும் அங்கேதான் பக்கம் தயாராகும்.

எச்ஏப்ராக்ஸி, வார்னிஷ், டிராஃபிக் சர்வர், அப்பாச்சி வெப் சர்வர் ஆகிய நான்கும் திறந்த மூலம். ஒவ்வொன்றும் அதற்குக் கைவந்த வேலையை மட்டும் செய்கிறது. வார்னிஷ் பிறந்ததே ஒரு செய்தித் தளத்துக்காக. நார்வேயின் வெர்டென்ஸ் காங் நாளிதழுக்காக டென்மார்க்கின் பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதி 2006இல் வெளிவந்தது அது. அந்த நாளிதழில் 12 கணினிகள் செய்த வேலையை 3 கணினிகளுக்குள் அது அடக்கியது. என்ஜின்எக்ஸும் ஆரம்ப நாட்களில் பல தளங்களில் அப்பாச்சிக்கு முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸியாக நின்று, மெதுவான வாசகர்களைத் தான் சமாளித்துக்கொண்டு, கனமான பின்தள ப்ராசஸை விரைவில் விடுவித்ததால்தான் பெயர் வாங்கியது. சின்னத் தளத்துக்கு இத்தனை அடுக்கு தேவையே இல்லை. இன்று ஒன்று, நாளை தேவைப்பட்டால் அதற்கு முன்னால் இன்னொன்று என்று போகலாம்.

நம்பிக்கை: அப்பாச்சியில் ஓட்டை அதிகம், என்ஜின்எக்ஸ் பத்திரம்.

2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49 பதிப்பில், சர்வரின் கோப்புறைக்கு வெளியே உள்ள ஃபைல்களைப் படிக்கவிடும் ஓட்டை வெளிப்பட்டது. 2.4.50இல் செய்த திருத்தம் அரைகுறை, சில நாளில் 2.4.51 வந்தது. கடுமையான தவறுதான். பாதிக்கப்பட்டவை அந்த இரண்டு பதிப்புகள் மட்டுமே. அதே ஆண்டு டிசம்பரில் வெடித்த லாக்4ஜே ஓட்டைக்கும் இந்த வெப் சர்வருக்கும் சம்பந்தமே இல்லை. அப்பாச்சி அறக்கட்டளையின் வேறொரு ஜாவா மென்பொருள் அது. பெயரைக் கேட்டு வெப் சர்வரை நிறுத்தி வைத்தவர்கள் உண்டு. 2014இன் ஹார்ட்பிளீட் ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் இருந்தது. இரண்டு சர்வர்களுமே அதில் அடிபட்டன.

என்ஜின்எக்ஸில் ஆபத்து பெரும்பாலும் நாம் எழுதும் கான்ஃபிக்கில் இருக்கிறது. ஓர் உதாரணம். 'லொகேஷன்' வரியில் படங்கள் என்ற பாதையை எழுதும்போது கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடுகிறீர்கள். அடுத்த 'அலையஸ்' வரியில் கோப்புறைப் பெயருக்குப் பின் சாய்கோடு போடுகிறீர்கள். படங்கள் சரியாகத் திறக்கும். வெளியாள் ஒருவர் 'படங்கள்' என்பதோடு ஒட்டி இரண்டு புள்ளியும் சாய்கோடும் தட்டினால், சர்வர் அதை ஒரு கோப்புறை மேலே போ என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பாஸ்வேர்ட் ஃபைலையும் எடுத்துக் கொடுத்துவிடும். ஒரே ஒரு சாய்கோடுதான் வித்தியாசம். இன்றே உங்கள் கான்ஃபிக்கில் அலையஸ் வரிகளைத் தேடிப் பாருங்கள்.

நம்பிக்கை: கேடி எல்லாம் விளையாட்டுக்கு.

மேட் ஹோல்ட் 2015இல் வெளியிட்ட கேடி என்ற வெப் சர்வர், எச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பிக்கும். டொமைன் பெயர் ஒரு வரி, எங்கே அனுப்ப வேண்டும் என்பது ஒரு வரி, கான்ஃபிக் முடிந்தது. தானே புதுப்பிப்பது ஏன் முக்கியம்? இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் வழக்கமான சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள். காலாவதி நெருங்குகிறது என்று அவர்கள் அனுப்பிவந்த மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. சர்வரைக் கவனிக்கத் தனி ஆள் வைக்க முடியாத பள்ளிக்கோ சிறுபத்திரிகைக்கோ நான் முதலில் சொல்வது கேடியைத்தான்.

நம்பிக்கை: திறந்த மூலம் என்றால் யாரும் கைவிட முடியாது.

என்ஜின்எக்ஸ் நிறுவனத்தை 2019இல் எஃப்5 நிறுவனம் 67 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், நிரல் தங்கள் சொத்து என்று ராம்ப்ளர் கொடுத்த புகாரின் பேரில் மாஸ்கோ அலுவலகத்தில் போலீஸ் சோதனை நடந்தது. 2022இல் சிசோயெவ் விலகினார். 2024 பிப்ரவரியில், நீண்டகாலம் அதன் முக்கிய நிரலாளராக இருந்த மாக்சிம் தூனின், பாதுகாப்பு அறிவிப்புகள் தொடர்பாக எஃப்5உடன் முரண்பட்டு ஃப்ரீஎன்ஜின்எக்ஸ் என்ற தனிக்கிளையைத் தொடங்கினார். உரிமம் தாராளமானது என்பதால்தான் கிளை பிரிய முடிந்தது. அப்பாச்சி லாபநோக்கற்ற அறக்கட்டளையின் கையில் இருக்கிறது, அதை இப்படி யாரும் விலைபேசி வாங்க முடியாது. வேகப் போட்டியைவிட இந்த வேறுபாட்டுக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

கிளையோ உரிமமோ மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. குபெர்னெடிஸ் உலகில் என்ஜின்எக்ஸின் மேல் கட்டப்பட்டு ஏராளமான நிறுவனங்கள் நம்பியிருந்த 'இன்கிரஸ் என்ஜின்எக்ஸ்' என்ற திட்டத்தைப் பல ஆண்டுகள் ஒருவரோ இருவரோதான் தங்கள் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார்கள். 2026 மார்ச்சுக்குப் பிறகு திருத்தம் எதுவும் வராது என்று 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே நிறுவியவை பிழை காட்டாமல் தொடர்ந்து ஓடும், புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்கத்தான் ஆள் இருக்காது. எந்தச் சர்வரைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பாதுகாப்புத் திருத்தம் யார் தருகிறார்கள், உங்கள் லினக்ஸ் விநியோகம் அதை எத்தனை ஆண்டு தாங்கிப்பிடிக்கும் என்ற மூன்றையும் நிறுவும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.