ஒன்பது ஜோடியும் ஓயாமல் அடிப்பவரும்

கையில் ஏஸ் ஜோடி வந்தால் என்ன செய்வதென்று யாருக்கும் குழப்பமில்லை. 2-2 வந்தாலும் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. 7-7 முதல் 10-10 வரையிலான நடுத்தர ஜோடிகளில்தான் தடுமாற்றம். அதிலும் எதிரே இருப்பவர் ஓயாமல் ரெய்ஸ் அடிப்பவர் என்றால், ஆன்லைன் மேசை தரும் சில நொடிகளுக்குள் பயமோ வீம்போ நமக்காக முடிவெடுத்துவிடும். டெக்ஸாஸ் ஹோல்டெமில் இந்த ஜோடிகளைப் பற்றிப் புழங்கும் பாடங்கள் பலவும் நிதானமாகச் சீட்டுப் பார்த்து ஆடுபவர்களுக்கு எதிராகத்தான் பொருந்தும். அடித்து ஆடுபவரிடம் அவற்றை அப்படியே கொண்டுபோனால் நஷ்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமில்லாமல் இந்தியாவில் தடை செய்கிறது. ஆகவே இங்கிருப்பவர்களுக்கு இது இலவச சிப்ஸ் மேசைக்கான கணக்கு. உரிமம் பெற்ற தளங்கள் நடக்கும் பிரிட்டன், ஒன்டாரியோ போன்ற இடங்களில் உள்ள தமிழர்களுக்குக் காசு மேசைக்கும் பொருந்தும்.

நம்பிக்கை: “நடுத்தர ஜோடி என்றால் மூன்றாவது சீட்டு விழ வேண்டும். விழாவிட்டால் ஃபோல்ட்.”

ஃப்ளாப்பில் அந்த மூன்றாவது சீட்டு விழும் வாய்ப்பு 12 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, அதாவது எட்டரைக்கு ஒரு தடவை. மற்ற தடவைகளில் விட்டுக்கொடுத்த காசெல்லாம் அந்த ஒரு தடவையில் திரும்ப வர வேண்டும். நிதானக்காரரிடம் அது வரும். அவர் கையில் ஏஸ் ஜோடி இருக்கும், அதை விட மனமில்லாமல் முழு ஸ்டாக்கையும் தள்ளுவார். அடித்து ஆடுபவர் கையில் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. நமக்கு மூன்றாவது சீட்டு விழுந்து செட் ஆனாலும் ஒரு பெட், இரண்டு பெட்டோடு நழுவிவிடுவார். அவரிடம் நம் ஜோடியின் மதிப்பு செட்டில் இல்லை, ஜோடியிலேயே இருக்கிறது. ஜோடியில்லாத இரண்டு சீட்டு, ஃப்ளாப்பில் மூன்றுக்கு இரண்டு தடவை எதையும் பிடிக்காமல் போகிறது. எதையும் பிடிக்காதவர் பெட் வைத்தார் என்பதற்காக, ஏற்கெனவே ஜோடி வைத்திருப்பவர் ஏன் ஓட வேண்டும்?

நம்பிக்கை: “போர்டில் பெரிய சீட்டு விழுந்தால் ஜோடி செத்தது.”

பெரிய சீட்டு விழத்தான் செய்யும். கையில் 9-9 இருந்தால் ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு 79 சதவீதம். 7-7 என்றால் 92. ஒவ்வொரு தடவையும் பயந்து விடுவதானால் இந்தச் சீட்டுகளை ஆடவே வேண்டாம்.

ஒரு கையை அருகில் வைத்துப் பார்ப்போம். நாம் 9-9 வைத்து ரெய்ஸ் செய்தோம், எதிராளி அதற்கு மேல் ரெய்ஸ் செய்தார், கால் செய்தோம். பாட்டில் சுமார் 20 பிளைண்ட். ஃப்ளாப் கிங், 7, 2, மூன்றும் வேறு வேறு இனம். அவர் 10 பிளைண்ட் பெட் வைக்கிறார். 40 ஆகப்போகும் பாட்டுக்கு நாம் போடுவது 10. நான்கில் ஒரு பங்கு வெற்றி இருந்தால் போதும்.

அவர் நிதானக்காரர் என்றால் மேல் ரெய்ஸ் செய்யும் சீட்டுகள் ஏஸ், கிங், குயின், ஜாக் ஜோடிகளும் ஏஸ்-கிங்கும்தான். போர்டில் ஒரு கிங் போய்விட்டதால் இவை 33 சேர்க்கை. முப்பத்து மூன்றிலும் நாம் பின்தங்கியிருக்கிறோம். ஃபோல்ட் செய்வதுதான் சரி.

இப்போது அடித்து ஆடுபவர். முந்தைய 33-உடன் 10-10-உம் ஒரே இனத்து கிங்-குயினும் சேர்ந்தால் நம்மை வெல்பவை 42. ஆனால் அவர் ஏஸ்-குயினிலும், ஒரே இனத்து ஏஸ்-ஜாக், ஏஸ்-10, ஏஸ்-5, ஏஸ்-4, ஏஸ்-3, குயின்-ஜாக், ஜாக்-10, 8-7, 7-6, 6-5 எல்லாவற்றிலும் அடிப்பவர். எண்ணிப் பார்த்தால் 54 சேர்க்கை, அத்தனையும் நமக்குக் கீழே. எல்லாவற்றிலும் அவர் பெட் வைக்கிறார் என்றால் 96-இல் 54, அதாவது 56 சதவீதத்தில் நாம் முந்தி நிற்கிறோம். அதே ஒன்பதுகள், அதே கிங். மாறியது எதிராளி மட்டுமே. இந்தக் கையை ஃபோல்ட் செய்வதை நிதானம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது காசைத் தூக்கிக் கொடுப்பது.

நம்பிக்கை: “அவர் புளுகுகிறார் என்று தெரிந்த பிறகு கடைசி வரை விடக்கூடாது.”

முந்தைய தவறின் மறுபக்கம் இது. டர்ன், ரிவர் இரண்டிலும் அவர் பாதி பாட் அடித்தால் 20, 40 என்று ஏறி, மொத்தம் 70 பிளைண்ட் உள்ளே போய்விடும். அடுத்த சீட்டைப் பார்த்துத்தான் தொடர வேண்டும். மேலே சொன்ன பட்டியலில் டர்ன் 4 விழுந்தால் ஏறத்தாழ எதுவும் மாறாது. ஏஸ் விழுந்தால்? அவர் புளுகிய கைகளில் பெரும்பகுதி ஏஸ் வைத்தவை. மறுபடி எண்ணினால் 81 சேர்க்கையில் 18 மட்டுமே நமக்குக் கீழே நிற்கும். 56 சதவீதம் 22-க்கு இறங்கிவிடுகிறது. அங்கே விட்டுவிடலாம், வருத்தமே வேண்டாம். அவருக்குப் பிறகு நாம் ஆடும் இடத்தில் இருந்தால் இந்த முடிவுகள் எளிது. முன்னால் ஆட வேண்டியிருந்தால் முதல் காலுக்கே இன்னும் கண்டிப்பு தேவை.

நம்பிக்கை: “எங்கே நிற்கிறோம் என்று தெரிய ஒரு ரெய்ஸ் போட்டுப் பார்க்கலாம்.”

நடுத்தர ஜோடிக்கு இதைவிடப் பெரிய கேடு எனக்குத் தெரிந்து இல்லை. ஃப்ளாப்பில் ரெய்ஸ் செய்தால் அந்த 54-இல் பெரும்பாலானவை ஃபோல்ட் ஆகும். நம்மை வெல்லும் 42-இல் பெரும்பாலானவை நிற்கும். யாரிடமிருந்து காசு வர வேண்டுமோ அவரைத் துரத்திவிட்டு, யாரிடம் தோற்போமோ அவருடன் பாட்டைப் பெருக்கிக்கொள்கிறோம். அடிக்கிறவரை அடிக்க விட்டு கால் செய்வதுதான் லாபம்.

டூர்னமென்டில் ஸ்டாக் 15 பிளைண்டுக்கு வந்துவிட்டால் விஷயமே வேறு. அப்போது பரவலாக ரெய்ஸ் செய்பவர் மீது ஃப்ளாப்புக்கு முன்பே 9-9-ஐ ஆல்-இன் தள்ளுவது நல்ல ஆட்டம். பல கைகள் விலகும். ஏஸ்-கிங் கால் செய்தாலும் நமக்கு சுமார் 55 சதவீதம். பெரிய ஜோடியிடம் மாட்டினால்தான் 20 சதவீத அளவுக்கு இறங்கும்.

நம்பிக்கை: “பத்து கை பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.”

தெரியாது. 30 கையில்கூட, ஒருவருடைய ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் செய்யும் வாய்ப்பு வருவதே சில தடவைதான். அதில் மூன்று தடவை அடித்தவருக்கு மூன்று தடவையும் நல்ல சீட்டு வந்திருக்கலாம். திரையில் பெயருக்கு அருகே ஓடும் சதவீதங்களைவிட, கடைசியில் திறந்து காட்டிய சீட்டுகளைத் தேடுங்கள். கைகளின் பதிவில் அவை கிடைக்கும். மேல் ரெய்ஸ் செய்துவிட்டு 6-5-ஐக் காட்டியவரா, அவருக்கு 96 பட்டியல். காட்டியதெல்லாம் ஏஸ்-கிங்கும் குயின் ஜோடியும் என்றால், எத்தனை வேகமாக அடித்தாலும் அவருக்கு 33 பட்டியல்தான்.