நாலு ஜிபி போடுங்க சித்தி

பழைய கம்ப்யூட்டரில் லைட்டான லினக்ஸ் போட என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். ரேம் இவ்வளவு, டிஸ்க் இவ்வளவு, ப்ராசஸர் இது. லினக்ஸுக்கு என்ன வேண்டும் என்பதை அந்தப் பட்டியல் சரியாகவே சொல்லும். உங்கள் மெஷின் எவ்வளவு வரைக்கும் ஏற்கும் என்பதை மட்டும் சொல்லாது. அதை முதலில் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் அக்கா மகனும் சொல்லவில்லை, ரேம் விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை. பணம் போனது எனக்கு.

என்னிடம் இருப்பது பத்து அங்குல நெட்புக். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கும். 2009, 2010 வாக்கில் ஆளாளுக்கு வாங்கினோமே, அதுதான். இன்டெல் ஆட்டம் என்270 ப்ராசஸர், 1.6 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர். 1 ஜிபி டிடிஆர்2 ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1024க்கு 600 திரை. வரும்போது விண்டோஸ் எக்ஸ்பி இருந்தது. அதற்கு 2014 ஏப்ரலோடு அப்டேட் நின்றுபோனது. ஆனால் கீபோர்டில் இன்றுவரை ஒரு எழுத்துகூடப் பழுதில்லை. நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறவள். வினாத்தாள் அடிக்கவும் பிள்ளைகளுக்குத் தமிழ் டைப்பிங் பழக்கவும் இதற்குமேல் என்ன வேண்டும்? நல்ல நிலையில் இருக்கிற ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வராது. இதைக் கஞ்சத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அக்கா மகன் போனில் மெஷினின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "லினக்ஸ் மின்ட் போடுங்க. ரேம் மட்டும் நாலு ஜிபி ஆக்கிடுங்க சித்தி, எல்லாம் ஓடும்" என்றான். மின்ட்டின் பட்டியலையும் பார்த்தேன். குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி. டிஸ்க்கில் குறைந்தது 20 ஜிபி இடம், 100 ஜிபி இருந்தால் நல்லது. திரை 1024க்கு 768. அவன் சொன்ன நாலும் பட்டியலில் இருந்த நாலும் ஒத்துப்போயின. இதற்குமேல் ஒரு மனுஷி என்னத்தைச் சரிபார்க்க முடியும்?

லேப்டாப்புக்கான டிடிஆர்2 ரேமில் 4 ஜிபி என்பது சுலபமாகக் கிடைக்கிற சாமான் அல்ல. அது வழக்கத்தில் இருந்த காலத்தில் ஒரே குச்சியில் 4 ஜிபி போட்டவர்கள் குறைவு. கடைக்காரர் வெளியூரிலிருந்து தருவித்துக் கொடுத்தார். டிடிஆர்3 குச்சியைவிட விலை அதிகம். "இந்த மெஷின் எடுக்குமா?" என்று நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. "டீச்சர், இது 32 பிட். 32 பிட் நாலு ஜிபி வரைக்கும் எடுக்கும்" என்று கணக்கோடு பதில் சொன்னார். கணக்கு சரிதான். இரண்டை 32 முறை பெருக்கினால் நாலு ஜிபி முகவரி வரும். ஆனால் ரேமைப் பிடித்து வேலை வாங்குவது ப்ராசஸரின் பிட் கணக்கு மட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு சிப்செட் உட்கார்ந்திருக்கிறது. என்270 ப்ராசஸரோடு இந்த நெட்புக்குகளில் வந்தது இன்டெல் 945ஜிஎஸ்இ. அதன் உச்சவரம்பு 2 ஜிபி. அதற்குமேல் நீங்கள் தங்கத்தில் குச்சி செய்து சொருகினாலும் அது கண்டுகொள்ளாது. என் மெஷினில் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை கருப்பாகவே நின்றது.

கடைக்காரர் குச்சியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், ஸ்லாட்டை ஊதிப் பார்த்தார், கடைசியில் மதர்போர்டு போயிருக்கலாம் என்றார். பழைய 1 ஜிபி குச்சியைத் திரும்பப் போட்டதும் எக்ஸ்பி எழுந்து வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும், விற்ற சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்ற எழுத்துப் பலகையைக் காட்டினார். அந்த 4 ஜிபி குச்சி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. டிடிஆர்2 ரேம் 4 ஜிபி ஏற்கிற லேப்டாப் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் பாதி விலைக்குத் தருவேன்.

இன்னொரு செலவு டேட்டா. மின்ட் ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட 3 ஜிபி. உங்களைப் போலவே எனக்கும் போன் டேட்டாதான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. பிரித்துப் பிரித்து இறக்கி, பென்டிரைவில் எழுதி, பூட் செய்தால், இந்தக் கெர்னலுக்கு 64 பிட் ப்ராசஸர் வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று ஒரு வரி போட்டுவிட்டு நின்றுகொண்டது. மின்ட் 2020இல் வந்த 20ஆம் பதிப்போடு 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. ஆக, ரேம் ஏறியிருந்தாலும் மின்ட் ஏறியிருக்காது. நாலு ஜிபி ஆலோசனை இரண்டு பக்கமும் ஓட்டை. இதை அக்கா மகனிடம் சொன்னபோது "மாடல் நம்பரை நீங்கதானே சித்தி சொல்லியிருக்கணும்" என்றான். டாக்டர் கேட்காமல் நோயாளிதான் நாக்கை நீட்டியிருக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

எனவே, எந்த லினக்ஸ் என்று தேடுவதற்கு முன் மெஷினை விசாரியுங்கள். ப்ராசஸரின் முழு எண் வேண்டும். "ஆட்டம்" என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். என்270, என்280 இரண்டும் 32 பிட் மட்டும்தான். அடுத்து வந்த என்450 அதே ஆட்டம், ஆனால் 64 பிட். அதற்கும் ரேம் உச்சவரம்பு 2 ஜிபியே. என்455 வந்த நெட்புக்குகள் பலவற்றில் டிடிஆர்3 ரேம். டிடிஆர்2 குச்சியில் வெட்டு ஓரிடம், டிடிஆர்3 குச்சியில் வேறிடம், மாற்றிச் சொருக முடியாது. விண்டோஸ் இன்னும் ஓடுகிறதென்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் ப்ராசஸர், சிப்செட், ரேம் வகை மூன்றையும் காட்டிவிடும். இல்லையென்றால் ஏதாவது ஒரு 32 பிட் லைவ் லினக்ஸில் நுழைந்து டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுங்கள். 32 பிட் மட்டுமா, 64ம் உண்டா என்று மேலேயே எழுதியிருக்கும். டிஎம்ஐடிகோட் என்று இன்னொரு கட்டளை உண்டு. அது ரேமின் உச்ச அளவைச் சொல்லும், ஆனால் சில மெஷின்களின் பயாஸிலேயே தப்பான எண் பதிந்திருப்பதால், ப்ராசஸர், சிப்செட் பெயரை வைத்து இன்டெல் தரும் விவரத்தோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. காசு கொடுப்பதற்கு முன் செய்தால் இதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

கடைசியில் வேறொரு கடையில், உடைந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த 2 ஜிபி குச்சி மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதைப் போட்டு ஆன்டிஎக்ஸ் 23 ஏற்றினேன். டெபியன் 12ஐ அடித்தளமாகக் கொண்டது, 32 பிட் பதிப்பு உண்டு. 256 எம்பி ரேம் உள்ள பழைய மெஷினிலும் ஓடும், 512 இருந்தால் நல்லது என்கிறார்கள் அதைச் செய்தவர்கள். சொன்னபடியே இருக்கிறது. கண்ணுக்கு அழகாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஐஸ்டபிள்யூஎம் முகப்பைப் பார்த்துப் பிள்ளைகள் "டீச்சர், இது எந்தக் காலத்து விண்டோஸ்?" என்று கேட்டார்கள். லுபுன்டு போடச் சொன்னவர்களும் உண்டு. பழைய மெஷினென்றால் லுபுன்டு என்பது பத்து வருடத்துக்கு முந்தைய பேச்சு. பழைய வன்பொருளை முன்னிறுத்துவதை விட்டுவிட்டதாக அவர்களே 2018இல் அறிவித்து, குறைந்தபட்சத் தேவை என்று எண் சொல்வதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

இன்ஸ்டால் செய்யும் படிகளை நான் எழுதப்போவதில்லை. ரூஃபஸில் பென்டிரைவ் எழுதும்போது எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள், இந்த நெட்புக்குகளில் யுஇஎஃப்ஐ கிடையாது. மற்றதெல்லாம் அடுத்து, அடுத்து என்று அழுத்துவதுதான். ஆனால் அந்த "அடுத்து" பொத்தானே திரையில் தெரியாது. 600 புள்ளி உயரத்தில் ஜன்னலின் அடிப்பாகம் வெளியே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் ஜன்னலை மேலே இழுத்தால் பொத்தான் வரும். மின்ட் பட்டியலில் 768 என்று போட்டிருந்தது இதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வைஃபை கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். சிப்புக்கான ஃபர்ம்வேர் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். டெபியன் 12இலிருந்து அந்த ஃபர்ம்வேர்கள் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வருகின்றன. எதற்கும் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் போட்டுவிடுங்கள், லினக்ஸ் அதைக் கேபிள் நெட்வொர்க் என்றே எடுத்துக்கொள்ளும்.

பழைய மெஷினுக்கு மிக முக்கியமான உதிரி, எந்தப் பட்டியலிலும் இல்லாதது, ஒரு சிஆர்2032 பட்டன் செல். பல வருடம் பரணில் கிடந்த மெஷினில் அந்தச் செல் தீர்ந்திருக்கும். கரன்ட்டைப் பிடுங்கினால் தேதி பின்னோக்கிப் போய்விடும். தேதி தப்பென்றால் எந்த வலைத்தளமும் பாதுகாப்பானதில்லை என்று பிரவுசர் மறுக்கும். மென்பொருள் களஞ்சியமும், இது இன்னும் செல்லுபடியாகாத கோப்பு என்று இறக்க மறுக்கும். 2008ஆம் ஆண்டில் உட்கார்ந்துகொண்டு 2023இன் கையெழுத்தை எப்படி ஒப்புக்கொள்ளும்? நெட் சரியில்லை என்று நான் ரீசார்ஜ் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்த பிறகுதான் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவரோடு இப்போது பேச்சு சரியாகிவிட்டது.

செலவு செய்ய மனமிருந்தால் ரேமை விட்டுவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள். நெட்புக்கில் இரண்டரை அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க் இருந்தால் சின்ன கொள்ளளவு எஸ்எஸ்டியே தாராளம். பழைய சாட்டா இணைப்பு அதன் முழு வேகத்தைக் கொடுக்காது. அப்படியும், திறக்கும் நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைகிறது. இரண்டு ஜிபி ரேம் போதாமல் போகும்போது ஸ்வாப்புக்கு டிஸ்க்கைத்தான் தொடவேண்டியிருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த நேரத்தில் நீங்கள் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

பிரவுசர்தான் உண்மையான எதிரி. சிஸ்டம் தொடங்கும்போது கொஞ்சம் ரேமே செலவாகியிருக்கும். இரண்டு டேப் திறந்ததும் ஜிபி கணக்குக்குப் போகும். க்ரோம் 32 பிட் லினக்ஸை 2016லேயே விட்டுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 144ஆம் பதிப்போடு நிறுத்தியது, நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140 மட்டும் இன்னும் சில காலம். டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் தரவில்லை. ஆகவே என் நெட்புக்கின் இணைய வாழ்க்கை கொஞ்ச நாள்தான். யூடியூப் பாடங்களை நான் பிரவுசரில் பார்ப்பதே இல்லை, குறைந்த தரத்தில் எம்பிவி ப்ளேயரில் ஓட்டுகிறேன். வினாத்தாளுக்கு இணையம் எதற்கு?

தமிழுக்கு ஐபஸ்ஸும் எம்17என்னும் போட்டால் தமிழ்99 வந்துவிடும். பழைய வினாத்தாள்கள் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், எக்ஸ்பியை அழிப்பதற்கு முன் அந்த எழுத்துருக் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அவை இருந்தால் லிப்ரே ஆபீஸ் அவற்றை ஒழுங்காகக் காட்டும். பிரிண்டர் பற்றி ஒன்றே ஒன்று: சின்ன லேசர் பிரிண்டர்கள் சில, பக்கத்தைத் தயார்செய்யும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டுபவை. அவற்றின் டிரைவர் உங்கள் பிட்டுக்கு உண்டா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். நான் பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடையில் எடுக்கிறேன்.

என் மாணவி ஒருத்தியின் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பையும் கொண்டுவந்தார்கள். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்து மெஷின்களில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு கதை. அது 64 பிட். எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு டெபியன் எந்தப் பேச்சும் இல்லாமல் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த டேப்லெட் மாதிரியான ஒன்று மட்டும் மக்கர் பண்ணியது. ஆட்டம் இசட்3735எஃப், 64 பிட் ப்ராசஸர், ஆனால் உள்ளே 32 பிட் யுஇஎஃப்ஐ. இந்த ஜோடியில் பல 64 பிட் ஐஎஸ்ஓக்கள் பூட்டே ஆகாது. டெபியன் 12இன் இன்ஸ்டாலருக்கு இது தெரியும் என்பதால் அதை அப்படியே இறக்கிப் போட்டேன்.

இப்போது அக்கா மகனே தன் பழைய லேப்டாப்பைத் தருகிறேன் என்கிறான். நாலாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்தது, 11 அதில் ஏறாது, அதுதான் இந்தப் பாசம். "ரேம் கொஞ்சம் ஏத்திக்கோங்க சித்தி, டிடிஆர்3 எங்கேயும் கிடைக்கும்" என்றான். அந்தத் தலைமுறை லேப்டாப்பில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் தான் போகும், 1.5 வோல்ட் குச்சி போகாது என்று நான் சொன்னேன். லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.