பம்பரைத் துளைக்காமல் முன் நம்பர் பிளேட்: மலைப்பாதைக்கும் தாங்குமா?

புது கார் டெலிவரி எடுக்கும் நாளில் பலருக்கு மனசே கேட்காத ஒரு காட்சி உண்டு. பளபளவென்று இருக்கும் முன் பம்பரில் டிரில் மெஷினை வைத்து ஓட்டை போடுவார்கள். ‘ஓட்டை போடாம மாட்ட முடியாதா?’ என்று கேட்கிறீர்களா? பெரும்பாலான கார்களில் முடியும். ஆனால் மாட்டிய பிளேட் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகத்துக்கும் குலுங்கிக் குலுங்கி ஏறி இறங்கிய பிறகும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ஜவ்வாது மலைக்காரர்களுக்கு இதுதான் முக்கியம்.

முதலில் சட்டம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை நிறுவனமே தர வேண்டும், டீலர்தான் பொருத்த வேண்டும். பதிவு எண் மாட்டாத புது வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கவே கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. இந்த பிளேட் 1 மி.மீ. தடிமன் கொண்ட அலுமினியத் தகடு. இடது பக்கம் அசோகச் சக்கர ஹாலோகிராம், நீல நிறத்தில் ‘இந்தியா’வைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள், கீழே லேசரில் பொறித்த தனி எண் ஆகியவை இருக்கும். ஸ்னாப் லாக் என்ற பூட்டை ஒருமுறை அழுத்திவிட்டால், உடைத்துத்தான் கழற்ற முடியும். அதனால் ‘இப்போதைக்கு மாட்டட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது இங்கே எடுபடாது. பேச வேண்டியதை டெலிவரிக்கு முன்பே பேசிவிடுங்கள்.

என்ன பேசுவது? ‘இந்த மாடலுக்கு கம்பெனி பிராக்கெட் இருக்கா? பம்பரிலேயே மரை வைத்த துளை இருக்கா?’ என்று கேளுங்கள். பல கார்களில் பிளேட் உட்காரும் இடத்தைத் தட்டையாக வார்த்து, திருகுக்கான இடத்தையும் தொழிற்சாலையிலேயே விட்டிருப்பார்கள். அவசரத்தில் அதைப் பார்க்காமல் பக்கத்திலேயே புதுசாகத் துளைப்பதுதான் வம்பு. பம்பருக்குப் பின்னால் பார்க்கிங் சென்சார் ஒயர் போகலாம். சற்றுத் தள்ளி ஏ.சி. கண்டென்சர் இருக்கும். தானாக பிரேக் போடும் வசதியுள்ள கார் என்றால் ரேடாரும் முன்பக்கத்தில்தான் இருக்கும். டிரில் பிட் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் போதும், செலவு பம்பரோடு நிற்காது.

பிராக்கெட் இல்லையா? அடுத்த வழி கிரில் கிளாம்ப். முன் கிரில்லின் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பட்டை, முன்னால் ஒரு பட்டை, நடுவில் ரப்பர் வாஷர் வைத்துப் போல்ட்டில் இறுக்குவது. ஓட்டை கிடையாது, பிடிமானமும் நல்லது. ஒரே எச்சரிக்கை: ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை பிளேட் அடைக்கக் கூடாது. முழு லோடோடு, ஏ.சி.யும் போட்டுக்கொண்டு, இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வண்டி மெதுவாகத்தான் போகும். எதிர்க்காற்று குறைவு, என்ஜின் சூடு அதிகம். சமவெளியில் தெரியாத குறை அங்கே டெம்பரேச்சர் முள்ளில் தெரிந்துவிடும்.

இழுவைக் கொக்கி மாட்டும் துளையில் திருகிப் பொருத்தும் பிராக்கெட்டும் ஆன்லைனில் கிடைக்கிறது. சில கார்களில் அந்த மரை இடப்பக்கமாகச் சுற்றும், சிலதில் வலப்பக்கமாக. மாடல் பார்க்காமல் வாங்காதீர்கள். வண்டி எங்காவது நின்றுபோனால் இழுக்க அந்தத் துளைதான் வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

எல்லோரும் ஆசைப்படுவது இரட்டைப்பக்க ஃபோம் டேப். இதில் கொஞ்சம் நிதானம் தேவை. நல்ல தரமான டேப் என்றாலும், பெயின்ட் அடித்த வழவழப்பான பரப்பில்தான் சரியாக ஒட்டும். பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பிடிப்பு குறைவு. முதலில் வாக்ஸ், எண்ணெய், தூசி எல்லாம் போகும்படி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகலாம். அதுவரை தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், மலைக்கும் போகாதீர்கள். குளிர்ந்த காலையில் ஒட்டுவதைவிட இளம் வெயிலில் ஒட்டுவது நல்லது. வளைந்த பம்பரில் தட்டையான பிளேட்டை ஒட்டினால் ஓரங்கள் மெல்லத் தூக்கிக்கொள்ளும். என் கருத்து கேட்டால், பிளாஸ்டிக் ஃபிரேமை பம்பரில் பிடிக்க டேப்பைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். மலை ஏறும் வண்டிக்கு டேப் மட்டும் போதாது. கட்டுக்கம்பி போட்டுத் தொங்கவிடுவது அதைவிட மோசம்.

எந்த வழியானாலும் பிளேட்டில் நீங்களே புதுத் துளை போடாதீர்கள், மடிக்காதீர்கள். ஃபிரேமின் விளிம்பு எண்ணையோ ஹாலோகிராமையோ லேசர் எண்ணையோ மறைக்கக் கூடாது. ஸ்னாப் லாக் போடும் வேலையை டீலரிடமே விடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டில் சாத்தி வைப்பது பொருத்தியதாகாது. பிளேட் விதிமீறலுக்கு 177ஆம் பிரிவின்படி முதல் முறை ரூ.500, மறுமுறை ரூ.1,500 வரை அபராதம் வரலாம்.

மாட்டி முடித்ததும் போனை எடுத்து, லேசர் எண் தெளிவாகத் தெரியும்படி முன், பின் பிளேட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். மலையில் எங்கேயாவது பிளேட் விழுந்துவிட்டால் ‘போனா போகட்டும், கடையில் ஒண்ணு எழுதிக்கலாம்’ என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் எண் வேறொரு வண்டியில் ஏறினால் கேள்வி உங்களிடம்தான் வரும். உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள்; மாற்று பிளேட்டுக்கு விண்ணப்பிக்க அது தேவைப்படும். பரிவாகன் தளத்தில் உங்கள் மொபைல் எண் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் போகாத ஊரிலிருந்து இ-சலான் வந்தால், குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.