மூலமொழியின்றித் தொல்லிலக்கியம் பயிலல்: இங்கிலாந்தின் ‘செவ்வியல் நாகரிக’ப் பாடம்

இங்கிலாந்தில் பல்கலைக்கழகப் புகுமுக நிலையில் ‘செவ்வியல் நாகரிகம்’ ஒரு தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2017 முதல் நடைமுறைப்படுத்திய ஏ-லெவல் பாடத்திட்டம் மூன்று பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் ‘வீரர் உலகு’ கட்டாயப் பகுதி. 40 விழுக்காடு மதிப்பெண் அதற்குரியது. ஹோமரின் காப்பியங்களுள் ஒன்றையும் வர்ஜிலின் ஈனிடையும் மாணவர் மொழிபெயர்ப்பிலேயே பயில்வர். கிரேக்கமோ இலத்தீனோ அறிந்திருக்க வேண்டுவதில்லை.

இதனால் அம்மொழிகள் கற்பிக்கப்படாத பள்ளிகளின் மாணவர்க்கும் இப்புலம் எட்டுகிறது. எனினும் இழப்பும் உண்டு. இலியத்தின் முதற்சொல் சினத்தைக் குறிப்பது. இரண்டாம் வேற்றுமையில் நிற்கும் செயப்படுபொருள் அது. காப்பியத்தின் பாடுபொருள் அச்சொல்லிலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. பெயர்ச்சொற்களில் வேற்றுமையுருபுகளைப் பெரிதும் இழந்துவிட்ட ஆங்கிலம் செயப்படுபொருளைச் சொற்கிடக்கையால் உணர்த்துவது; ஆதலின் அதனை இயல்பாக முன்னிறுத்துதல் அரிது. உருபேற்ற பெயரைத் தொடரின் முதலில் நிறுத்தவல்ல தமிழுக்கோ அது எளிது.

ஆகவே, மொழிபெயர்ப்புவழிக் கல்வியின் தரம் பாடநூற்பட்டியலால் மட்டும் அமைவதன்று. மூலத்தின் சொற்கிடக்கை பற்றிய ஆசிரியர் விளக்கமும், ஒரே பகுதிக்குரிய இரு மொழிபெயர்ப்புகளின் ஒப்பீடும் அதற்கு இன்றியமையாதன.